மரைக்குப் பின்னால் நின்றவள்

அத்தியாயம் 4

செத்தவர்கள் படமெடுக்க நிற்பதில்லை என்றுதான் சோலைமலை அன்றுவரை நினைத்திருந்தார். மடியில் கிடந்த பெரிய புகைப்படத்தைப் பார்க்கப் பார்க்க அந்த நினைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தது.

வேன் நானுஓயாவைத் தாண்டி மேலே ஏறியது. விடிந்தும் விடியாத வெளிச்சம். கண்ணாடிக்கு வெளியே தேயிலைச் சரிவுகள் பனிக்குள் முங்குவதும் எழுவதுமாக இருந்தன. படத்திலும் பனிதான். அதற்குள் ஒரு ஆண் மரைமான் கொம்பைத் தூக்கி, காதுகளை நிமிர்த்திக்கொண்டு, நேராகக் கெமராவைப் பார்த்தபடி நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால், கல்லெறியும் தூரம்கூட இல்லை, ஒரு பெண். தலையில் துணிக் கட்டு. உடம்பில் பச்சைக் கம்பளிக் கோட்டு. இடுப்பைச் சுற்றிப் படங்கு; தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் ஈரம் படாமலிருக்கக் கட்டிக்கொள்ளும் பொலித்தீன் விரிப்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி மட்டும் இருந்தது.

பின் இருக்கையில் றொசானா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை என்பது அவள் விரல்கள் ஜெபமாலையை உருட்டுவதில் தெரிந்தது.

ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள் அவள். கடைக்கு எதிரே ஜெரோஷனின் ஸ்டூடியோ. கல்யாணப் படங்கள் போக, ஹோட்டன் சமவெளி தேசிய வனத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போய் விலங்குகளைப் படம் எடுக்கப் பழக்கும் ஒருநாள் பயணங்களையும் அவன் நடத்திவந்தான். அதற்கு விளம்பரமாக இந்த மரைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிக்குள் மாட்டியிருந்தான். ஒரு காலையில் வேலைக்கு வந்த றொசானா அந்தக் கண்ணாடிக்கு முன் நின்றாள். கடை திறந்த பிறகும் அங்கேயே நின்றாள். முதலாளி வந்து தோளைத் தொட்டபோதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

படத்தில் அந்தக் கோட்டின் முழங்கையில் மஞ்சள் நூலில் ஒரு தையல் இருந்தது. பச்சை நூல் கிடைக்காமல் அவளே போட்ட தையல். போட்டது அவளுடைய அம்மா மரியநாயகியின் கோட்டில்.

மரியநாயகி இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விறகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு தோட்டத்து லய வீட்டிலிருந்து இறங்கினாள். திரும்பவில்லை. பச்சைக் கோட்டுப் போட்ட ஒருத்தி பட்டிப்பொல ஸ்டேஷனில் ஒரு ஆணோடு ரயிலேறியதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், தேடப் போனவர்கள் பாதி மலையிலிருந்து திரும்பிவிட்டார்கள். புருஷனை இழந்தவள், வயசும் போய்விடவில்லை, வேறென்ன என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்க முடியாமல்தான் றொசானா தோட்டத்தை விட்டு ஹட்டனுக்கு வந்தாள்.

சோலைமலையின் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது. முன்பு பொலிஸில் சார்ஜன்ட்டாக இருந்தவர். அங்கே படியேறி வந்து உட்கார்ந்த றொசானா சுற்றி வளைக்கவில்லை.

"உசிரோட இருக்குன்னா, ஏன் வரலன்னு கேக்கணும் சேர். உசிரோட இல்லன்னா, அது என்னை விட்டுட்டுப் போகலன்னு எனக்குத் தெரியணும். ரெண்டுல ஒண்ணு."

இரண்டில் எதற்கு அவள் அதிகம் பயப்படுகிறாள் என்று சோலைமலை அப்போது யோசித்தார். இப்போதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

வேனை ஓட்டியது தனுஜா. வேன் அவளுடையது. வண்டி ஓட்டுவது, ஆள் விசாரிப்பது, சோலைமலை வாய் திறக்காத இடங்களில் அவருக்கும் சேர்த்துப் பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு. முன் இருக்கையில் ஜெரோஷன். படம் எடுத்த இடத்தைக் காட்ட வந்திருந்தான். கெமராப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வழியெல்லாம் லென்ஸ்களைப் பற்றிப் பேசினான். அவசரமில்லாத ஒரு விஷயத்தை ஒரு மனிதன் அவ்வளவு அவசரமாகப் பேசினால், அவசரமான விஷயம் வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சோலைமலை அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்தார்.

"அண்ணே," என்றாள் தனுஜா, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து. "ஹட்டன்ல இருந்து நீங்க பேசுனது ரெண்டு வார்த்தை. அதுல ஒண்ணு தும்மல்."

அவர் படத்தை மறுபடி பார்த்தார்.

வன வாசலில் வாகனங்கள் வரிசையாக நின்றன. உள்ளே பொலித்தீன் கொண்டுபோகக் கூடாது. காவலர்கள் ஒவ்வொரு பையாகத் திறந்து, பிஸ்கட்டைக் கடதாசிக்கு மாற்றி, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துக்கொண்டிருந்தார்கள். தனுஜாவின் பையிலிருந்து வந்துகொண்டே இருந்த தின்பண்டங்களைப் பார்த்து நரைத்த மீசைக் காவலர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விட்டா என் மொகத்துல போட்ட பவுடரையும் சுரண்டிருவாரு," என்று முணுமுணுத்துவிட்டு, அவள் அவரோடு சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தாள். சோலைமலை கண் காட்டவும் படத்தை அவரிடம் நீட்டினாள்.

காவலர் மரையைப் பார்த்து அழகு என்றார். பெண்ணைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது. எங்கே எடுத்தது என்று கேட்டார். உள்ளேதான் என்று ஜெரோஷன் முந்திக்கொண்டு சொன்னான். காவலர் விரலால் படங்கைத் தட்டிக் காட்டினார். ஒரு லேபலையே உள்ளே விடாதவன், இவ்வளவு பெரிய பொலித்தீனை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருத்தியை விடுவேனா என்று கேட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த வாகனத்துக்குப் போய்விட்டார்.

ஜெரோஷன் சிரிக்கவில்லை. சோலைமலை அதைக் கவனித்தார்.

உள்ளே பனி தரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. மஞ்சள் புல்வெளி ஒரு பக்கம், முறுக்கேறிய குட்டை மரங்கள் மறுபக்கம். ஜெரோஷன் ஒரு ஓடைக்கரையில் நிறுத்தச் சொன்னான். இங்கேதான் என்றான், பிறகு கொஞ்சம் அங்கே என்றான். றொசானா இறங்கி, புல்லுக்குள் நடந்து, ஒவ்வொரு திசையாகத் திரும்பிப் பார்த்தாள். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யாரும் பதில் சொல்லாமல் போய்விடுவார்களோ என்று பயந்தவளைப் போல உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க முடியாமல் சோலைமலை வேறு பக்கம் திரும்பினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு மரை நின்றது. ஆட்களைப் பார்த்துப் பழகிய மரை. நேராக வேனுக்கு வந்து தனுஜாவின் கைப்பையை மோந்தது.

"சொந்தக்காரன் மாதிரி வாரான்," என்று தனுஜா பையை இழுத்துக்கொண்டாள்.

சோலைமலை ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஜெரோஷனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். படத்தை இருவருக்கும் நடுவில் வைத்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை. பனி வந்தது, போனது. எங்கோ ஒரு காட்டுக்கோழி கத்தி ஓய்ந்தது. பேசாமல் இருப்பது சோலைமலைக்குச் சிரமமில்லை. சிறு வயதிலிருந்தே அது அவருக்கு வீடு மாதிரி. மற்றவர்கள்தான் அதற்குள் மூச்சு முட்டிப்போவார்கள்.

ஜெரோஷனுக்கும் முட்டியது. "லைட் வேற மாதிரி இருந்திச்சு சேர் அன்னைக்கு," என்று ஆரம்பித்தான். சோலைமலை படத்தின் மேல்மூலையைத் தொட்டுக் காட்டினார். பனிக்குள் மங்கலாகச் சில அடிமரங்கள். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, ஒரே கோடு.

"காடு லைன்ல நிக்காது தம்பி. நட்டாத்தான் நிக்கும். இது சவுக்கு. தேயிலைக்கு நிழலுக்கு வச்சது."

அதற்குப் பிறகு ஜெரோஷன் எல்லாவற்றையும் சொன்னான். படம் எடுத்தது வனத்துக்குள் இல்லை. வரும் வழியில், கைவிட்ட தேயிலை மலை ஒன்றை ஒட்டிய பாதையில். கூட வந்தவர்களில் ஒருவருக்கு வளைவு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வந்தது, வேனை நிறுத்தினார்கள், பனிக்குள் மரை நின்றது, எடுத்தான். தோட்டத்து ஓரத்தில் எடுத்தது என்று சொன்னால் யார் பயணத்துக்கு வருவார்கள் என்று சமவெளியின் பெயரை எழுதிவிட்டான். எடுக்கும்போது அந்தப் பெண்ணை அவன் பார்க்கவேயில்லை. சின்னத் திரையில் அவள் ஒரு மரக்கட்டையாகத்தான் தெரிந்தாள். பெரிதாக்கி மாட்டிய பிறகு ஒருநாள் மாலை, கடையைப் பூட்டும்போதுதான் அவளைக் கண்டான்.

"அன்னையில இருந்து நான் ஸ்டூடியோவுல தனியா இருக்கிறதில்ல சேர். அந்த எடத்துல ஆளே இருக்கல. சத்தியமா இருக்கல."

"கல்யாணத்துல பொண்ணு மொகத்த மாத்துவீங்கன்னு தெரியும்," என்றாள் தனுஜா. "காட்டையே மாத்துவீங்கன்னு தெரியாமப் போச்சு." ஆனால் அவள் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

ஜெரோஷன் வேனுக்குப் போனதும் சோலைமலை அவளிடம் மெதுவாகச் சொன்னார், றொசானாவின் காதில் விழாத தூரத்தில். இந்த வனத்து மரைகள் மனிதரைக் கண்டு ஓடாது; அதனால்தான் பெண்ணுக்கு முன்னால் மரை நிற்பதை யாரும் விநோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து ஓரத்து மரை அப்படியல்ல. அங்கே வேட்டைத் துவக்கு இருக்கிறது, சுருக்குக் கம்பி இருக்கிறது. மனித வாடை அடித்தாலே மலை தாண்டிவிடும்.

"அதோட காதப் பாரு. ரோட்டுல நிக்கிற வேனுக்குப் பயந்து காத நிமித்தியிருக்கு. பின்னால நிக்கிறவளப் பத்திக் கவலையே இல்ல. முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது."

தனுஜா படத்தை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ அவங்க..."

"வாடை இல்லாத ஆளு," என்றார் சோலைமலை.

திரும்பும் வழியில் ஜெரோஷன் கையைக் காட்டிய இடத்தில் தனுஜா ஒரு குறுக்குப் பாதையில் திருப்பினாள். இரண்டு பக்கமும் கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை, மரமாக வளர்ந்து வெள்ளைப் பூப் பூத்திருந்தது. றொசானா திடீரென்று முன்னால் சாய்ந்து கண்ணாடியில் கையை வைத்தாள்.

"இது எங்க மலைக்குப் பின்பக்கம் சேர். அந்த உச்சிக்கு அங்கிட்டுத்தான் எங்க லயம்."

சமவெளியில் எடுத்த படம் என்று ஊரெல்லாம் நம்பியதால் அவளும் இந்தப் பக்கம் நினைத்துப் பார்க்கவில்லை. வேன் நின்றது. பனி கொஞ்சம் விலகியது.

படத்தில் இருந்தவள் அங்கேயே நின்றாள். சவுக்கு மரங்களுக்கு முன்னால், பச்சைக் கோட்டும் தலைத்துணியும் படங்குமாக, இந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு.

தனுஜா பிடிப்பதற்குள் றொசானா கதவைத் திறந்து ஓடினாள். அப்போதுதான் அவள் கூப்பிட்டாள், அம்மா என்று ஒரே ஒருதரம். வழுக்கி விழுந்து, எழுந்து, ஓடிப்போய் அந்த உருவத்தைக் கட்டிப் பிடித்தாள். பிடித்த பிறகு அசையாமல் நின்றாள். சோலைமலை பக்கத்தில் போனபோது கோட்டுக்குள் அவள் கை நுழைந்திருந்தது. உள்ளே குறுக்கே கட்டிய ஒரு சவுக்குக் கொம்பும் வைக்கோலும் இருந்தன.

"பொம்மை சேர்," என்றாள், யாரோ தனக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுபோல. "வெள்ளாமைக்கு வைக்கிற பொம்மை."

கோட்டின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் தையல் இருந்தது.

தனுஜா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். ஜெரோஷன் பாதையிலேயே நின்றுவிட்டான். யாராவது மரியநாயகியின் கோட்டைக் காட்டில் கண்டெடுத்துப் பொம்மைக்குப் போட்டிருக்கலாம், அவ்வளவுதான் விஷயமோ என்று தனுஜா மெல்லக் கேட்டாள். சோலைமலை அந்த இடத்தைச் சுற்றி நடந்தார். கீழே, சரிவின் அடியில், கோவா, லீக்ஸ் என்று மரக்கறி போட்ட பாத்திகள் இருந்தன. அவற்றுக்கும் அப்பால் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. மேலே இந்த மட்டத்தில் ஒன்றும் நட்டிருக்கவில்லை. புல்லும் முள்ளும்தான். பாத்திகளின் ஓரத்தில் வரிசையாகக் குச்சிகள். ஒவ்வொன்றின் தலையிலும் உடைந்த போத்தல் கழுத்து. கம்பி ஒன்றும் இல்லை. ஒருகாலத்தில் இருந்திருக்கிறது.

அவர் திரும்பி வந்தார்.

"தனுஜா, பன்றிக்கும் மரைக்கும் வைக்கிற பொம்மைய எங்க வைப்ப?"

"பாத்திக்கு நடுவுல."

"எந்தப் பக்கம் பாக்க வைப்ப?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். பொம்மை பயிருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. விடியற்காலையில் வனத்துக்குப் போகும் வாகனங்கள் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வளையும் வளைவுக்கு நேர் எதிரே, கோட்டின் மஞ்சள் தையல் பாதைக்குத் தெரிகிற மாதிரி கையைத் திருப்பிக் கட்டியிருந்தது.

"மிருகத்த வெரட்ட வைக்கல," என்றார் சோலைமலை. "மனுசன் பாக்க வச்சிருக்கு."

தகர வீட்டின் ஜன்னல்கள் சாக்கால் அடைக்கப்பட்டிருந்தன. கதவைத் தட்டியதும் வந்தவள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். அழகம்மா என்ற பெயரைக்கூட அவள் சொல்லவில்லை. தனுஜா வரும் வழியில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டு வைத்திருந்தாள். வீட்டுக்காரர் பெயர் பொன்னையா என்றும், அந்த மனிதர் பல மாதமாக வெளியே இறங்குவதில்லை, ஏதோ சீக்கு என்றும் அந்தப் புல் அறுத்தவரே சொல்லியிருந்தார்.

அழகம்மா வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். றொசானாவிடம் வந்ததும் அவள் பார்வை நகரவில்லை. முகத்தில் என்ன ஒற்றுமையைக் கண்டாளோ, முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள்.

உள்ளிருட்டில் கட்டில் முனகியது. ஒரு ஆண் குரல், தொண்டை வறண்ட குரல், கதவுப் பக்கம் வந்தது.

"அந்தப் பொம்பளை இன்னும் நிக்குதா?"

அழகம்மா பதில் சொல்லவில்லை. சோலைமலைதான் சொன்னார்.

"நிக்குது."

கட்டில் மறுபடி முனகியது.

அவர் அழகம்மாவிடம் அந்தக் கோட்டு எப்படி வந்தது என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். பொலிஸ் வரத்தான் போகிறது, முன்னாலேயே சொல்வது நல்லது என்றார். அவள் கண்ணில் நீர் முட்டியது. வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. பயந்தவள் வாய் மூடுவது ஒருவிதம், இது வேறுவிதம் என்று சோலைமலைக்குத் தோன்றியது. இவளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் அந்தப் பொம்மையை அங்கே நட்டிருக்கிறாள். எதுவோ தடுக்கிறது.

கதவுக்கு மேலே சட்டம் போட்ட ஒரு படம் தொங்கியது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் ஒரு பெண் பிள்ளை. அழகம்மாவின் கண் அடிக்கடி அங்கே போய் வந்தது.

"மகளா?"

தலையசைப்பு.

"உங்க வீட்டுக்காரரு மக தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரா? வாயத் தொறந்து யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு?"

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமே வராமல், உடம்பு மட்டும் குலுங்கியது. இரண்டு வருஷம் பழகிய அழுகை அது.

சோலைமலை முற்றத்துக்கு இறங்கி, அவளையும் வரச் சொன்னார்.

"நீங்க பேச வேணாம் அழகம்மா. நான் கேக்குறேன். இல்லன்னா அப்படியே நில்லுங்க. ஆமான்னா, அந்தக் கோட்டுக்காரங்க இருக்கிற எடத்துக்கு ஒரு எட்டு வைங்க."

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"பொம்மைய நட்டது நீங்கதானே?"

அவள் ஒரு எட்டு வைத்தாள், சரிவை நோக்கி.

"போத்தல் கழுத்து மாட்டிப் பன்றிக்குக் கரண்டுக் கம்பி கட்டியிருந்தீங்க. விடிஞ்சும் நிப்பாட்டாம விட்டாச்சு. விறகுக்கு வந்தவங்க அதுல பட்டுட்டாங்க."

ஒரு எட்டு.

"வேணும்னு செஞ்சதா?"

அவள் நின்றாள். கல்லைப் போல நின்றாள். சோலைமலை அதையும் வாங்கிக்கொண்டார்.

"சொல்லுவோம்னு நீங்க சொன்னீங்க. அவரு விடல."

அவள் நடந்தாள். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கு அவள் நிற்கவில்லை. பாத்திகளைத் தாண்டி, போத்தல் கழுத்துகளைத் தாண்டி, சவுக்கு வரிசையின் கடைசி மரத்தடிக்குப் போனாள். அங்கே கொஞ்சம் மண் மட்டும் கொத்தாமல், மிதிக்காமல் விடப்பட்டு, செவ்வந்தி நட்டிருந்தது. களையில்லை. தினமும் யாரோ தண்ணீர் ஊற்றுகிற மண்.

றொசானா மண்டியிட்டாள். கையை மண்ணில் வைத்தாள். தனுஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொலிஸுக்குச் சொல்ல சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மேலே பாதைக்கு நடந்தாள். போகும்போது ஜெரோஷனைத் தாண்டியும் ஒரு கேலி பேசவில்லை.

சோலைமலைக்கு ஒன்று மிச்சமிருந்தது. அவசரமாகப் புதைக்கிறவர்கள் உடுப்போடு புதைப்பார்கள். இங்கே கோட்டும் படங்கும் தலைத்துணியும் வெளியே இருக்கின்றன. அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று அவருக்குப் பட்டது. கேட்க வேண்டியவர் தானல்ல என்றும் பட்டது.

றொசானாவே கேட்டாள், நிமிராமல்.

"குளிப்பாட்டுனீங்களா?"

அழகம்மா அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். தலையசைத்தாள். தன் சேலையைத் தொட்டுக் காட்டி, பிறகு கையால் சுற்றுவதுபோல் செய்து காட்டினாள். தன்னிடம் இருந்த நல்ல சேலையைச் சுற்றித்தான் வைத்திருக்கிறாள். உடுப்பை எரிக்கச் சொல்லியிருப்பான் பொன்னையா. எரிக்காமல் ஒளித்துவைத்திருக்கிறாள். பொறுக்க முடியாமல் போன ஒரு நாளில், வாயால் சொல்ல முடியாததைக் கொம்பில் கட்டிப் பாதைக்குக் காட்டியிருக்கிறாள். அன்று கதவைத் திறந்து அதைக் கண்ட பொன்னையாதான், செத்தவளே வந்து நிற்கிறாள் என்று பயந்து, பிறகு வெளியே இறங்கவில்லை.

காற்று அடித்தது. மேலே பச்சைக் கோட்டின் கை அசைந்தது. றொசானா வெகுநேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டிருந்ததைச் சோலைமலை கண்டார். துக்கம் என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது.

"விறகுக்குத்தான் வந்திருக்கு," என்றாள் அவள். "ரயிலேறல. எங்கயும் போகல."

அழகம்மா அவள் கையைத் தொட நீட்டி, தொடப் பயந்து, பின்னுக்கு இழுத்தாள். றொசானா அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை.

"உங்கள மன்னிக்கிறேன்னு என்னால சொல்ல முடியாது," என்றாள். "நாளைக்கு வருமோ என்னமோ, இன்னைக்கு வரல. ஆனா உங்க மகளுக்கு ஒண்ணும் ஆகாது. சத்தியம் எங்க அம்மா சங்கதிய மறைக்கத்தானே. நான் அதோட மக. நான் சொல்றேன், விட்டாச்சு. எங்க அம்மா யார் புள்ளையையும் தொடாது. பேசுங்க."

அழகம்மா அவளையே பார்த்தாள். உதடு பிரிந்து, மூடி, மறுபடி பிரிந்தது. மேலே பாதையில் தனுஜா போனில் யாரிடமோ வழி சொல்லும் சத்தம் கேட்டது. பொலிஸிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இவள் இப்போதே கொட்டிவிடுவாள் என்று சோலைமலை எதிர்பார்த்தார். கம்பி, புருஷன், அந்தக் காலை. அவள் அதில் எதையும் சொல்லவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றிய மண்ணின் மேல் குனிந்து, சுவரைப் பிடித்து நடக்கிறவள்போல ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து, ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"அவங்க பேரு என்னம்மா?"

றொசானா சொன்னாள்.

"மரியநாயகி," என்று அழகம்மா மண்ணைப் பார்த்துச் சொன்னாள்.